மலை ஏற மறுத்த கார்

செல்போன் அலறியது.

திரையில் தெரிந்த பெயரைக் குருமூர்த்தி இரண்டு தரம் படித்தான்.

கந்தவேல்!

இந்நேரம் ஏற்காடு மலைப்பாதையில், ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே, காரோடு நொறுங்கிக் கிடக்க வேண்டியவன்...

"என்னங்க பண்றீங்க?" என்றான் கந்தவேல், தெம்பாக.

"சும்மாதானுங்க..." என்றான் குருமூர்த்தி. "மலையில இருந்தா பேசறீங்க?"

"எங்கீங்க மலை? வண்டி இழுக்கவே மாட்டேங்குது. அடிவாரத்துலயே முக்கி முனகிட்டு நின்னுருச்சு. டர்போ வேலை செய்யலையாம். அஸ்தம்பட்டி ஒர்க்‌ஷாப்ல விட்டுட்டு ஆட்டோ புடிச்சு ஊட்டுக்கு வந்துட்டேன்."

குருமூர்த்தி போனை வைத்தான்.

இரண்டு பேரும் ஒரு சாயப்பட்டறையின் பங்குதாரர்கள். பட்டறையின் கழிவுத் தொட்டியில் அடைப்பெடுக்க இறங்கிய கூலியாள் ராசு, விஷவாயு தாக்கிச் செத்துப்போனான். இறங்கச் சொன்னவன் குருமூர்த்தி. மாரடைப்பு என்று ஊரை நம்ப வைத்தவனும் அவனே. கந்தவேலுக்குத்தான் தூக்கம் போயிற்று. திங்கட்கிழமை போலீஸுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடப் போவதாக ஒரே பிடியாக நின்றான்.

சொல்ல விடலாமா?

நேற்று பட்டறையில் நின்ற கந்தவேலின் காரில், பிரேக்குக்குப் போகும் வேக்குவம் ஹோஸை, அதாவது காற்றை உறிஞ்சும் ரப்பர் குழாயை, குருமூர்த்தி பிளேடால் அறுத்து வைத்தான். அந்தக் குழாய்க்குள் காற்று புகுந்தால் பிரேக் பெடல் கல்லாகிவிடும். மலையிறக்கத்தில் ஏறி நின்று மிதித்தாலும் வண்டி அடங்காது. எல்லாம் யூடியூப் புண்ணியத்தில் கற்றது.

பாவம், அந்த வீடியோவை அவன் முழுசாகப் பார்க்கவில்லை!

அந்தக் காரில் பிரேக்குக்கும், என்ஜினுக்கு இழுவை தரும் டர்போவுக்கும் வேக்குவம் கொடுப்பது ஒரே பம்ப். ஒரு பக்கம் ஓட்டை விழுந்தால் இரண்டுமே படுத்துவிடும். டர்போ படுத்துவிட்டால் கார் மலை ஏறாது.

ஏறவே ஏறாத கார் எப்படி உருண்டு விழும்?

மெக்கானிக் கண்ணில் படுவதற்குள் அந்த ஹோஸைக் கழற்றியாக வேண்டும். குருமூர்த்தி பைக்கை விரட்டினான். சூரமங்கலத்தில் ஒரு டவுன் பஸ்ஸில் அடிபடாமல் மயிரிழையில் தப்பினான்.

ஒர்க்‌ஷாப்பில் கந்தவேலின் கார் இல்லை.

அதன் முதலாளி அனிதா கை துடைத்தபடி வந்தாள். வாய் மூடாத பெண். என்ஜின் பக்கம் ஒரு குழாயில் லீக் இருந்ததாகவும், டர்போவுக்குத் தனியாகப் புதுக்குழாய் இழுத்துவிட்டதாகவும், இப்போது வண்டி பறக்கிறது என்றும் மூச்சு விடாமல் சொன்னாள்.

"பிரேக்கு?" என்றான் குருமூர்த்தி.

"பெடல் கொஞ்சம் கெட்டியாத்தான் இருந்துச்சு. அதச் சர்வீஸ்ல பாத்துக்கலாம்னு விட்டுட்டனுங்க."

"வண்டி எங்க?"

"உங்க பொண்ணு சௌந்தர்யா வந்துச்சுங்க. கந்தவேல் சார் அனுப்பினாராம். ட்ரையல் பாக்கறேன்னு ஏற்காட்டுக்கு எடுத்துட்டுப் போயிருச்சு..."

குருமூர்த்திக்கு உலகமே இருண்டது.

ஒரே மகள். தாயில்லாப் பிள்ளை. அவளுக்காகத்தான் பட்டறை, அவளுக்காகத்தான் சொத்து என்று நேற்று பிளேடை எடுத்தபோதுகூட மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டவன் அவன். இப்போது அந்த மனசு வாயே திறக்கவில்லை.

நம்பரைத் தட்டினான். நாலாவது மணியில் எடுத்தாள்.

"சாமி, எங்க இருக்கிற?"

"மலை மேலங்கப்பா. சும்மா பறக்குது வண்டி. இதா, இறங்கப் போறேன்."

"இறங்காத. அங்கயே நிறுத்திட்டு பஸ்ல வா."

ஏன் என்று கேட்டாள். மழை வரும் என்றான். வானம் பளிச்சென்று இருக்கிறதே என்றாள். லைசென்ஸ் இல்லாதவர்களைப் போலீஸ் பிடிக்கிறது என்றான். என்னிடம்தான் இருக்கிறதே என்று சிரித்தாள். அவன் தேடித் தேடி எடுத்த பொய்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன.

"இறங்க ஆரம்பிச்சுட்டேன்ப்பா. வெச்சரட்டுங்களா?"

"வெக்காத! கண்ணு, கியரக் குறை... மலை ஓரமா உரசி நிறுத்து. பிரேக் புடிக்காது!"

"மெக்கானிக் அப்படி ஒண்ணும் சொல்லலீங்களே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

குருமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டான். கண்ணுக்குள் ஒரு வளைவு தெரிந்தது. ராசு தெரிந்தான். வேறு வழியே தெரியவில்லை.

"நான்தான் அறுத்தேன், சாமி. கந்தவேலக் கொல்ல நான்தான் பிளேடப் போட்டேன். நிறுத்திரு... அப்பன் கால்ல உழுகறேன், நிறுத்திரு..."

போனில் ஒரு விசும்பல் கேட்டது.

"நிறுத்திட்டேங்கப்பா."

குரல் இரண்டு இடத்திலிருந்து வந்தது. ஒன்று போனில்... இன்னொன்று முதுகுக்குப் பின்னால்!

திரும்பினான்.

ஒர்க்‌ஷாப்பின் ஆபீஸ் அறை வாசலில் சௌந்தர்யா நின்றாள். காதில் போன். கன்னமெல்லாம் ஈரம். அவளுக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர் குமரகுரு. அவர் கையிலிருந்த பிளாஸ்டிக் பையில், அறுபட்ட ஹோஸ். இன்ஸ்பெக்டரை ஒட்டிக் கந்தவேல் தலைகுனிந்து நின்றான். முதலில் அவன் குருமூர்த்திக்குப் போன் செய்ததே அந்த அறையிலிருந்துதான்.

"எங்கப்பா பண்ணியிருக்க மாட்டாருன்னு இவங்க அத்தன பேருகிட்டயும் சண்ட போட்டேன்," என்றாள் மகள். "என்னைப் பேச விடுங்க, அவரு மேல தப்பில்லைன்னு தெரிஞ்சுரும்னு சொன்னதே நான்தாங்கப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். போனை அணைத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் வெளியே நடந்தாள். சாமி என்று கூப்பிட வாயெடுத்தான். அதற்குள் அவள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

ராசு விஷயத்தையும் கந்தவேல் ஒன்று விடாமல் சொல்லிவிட்டதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். ஹோஸில் பிளேடு வெட்டைப் பார்த்ததும், திங்கட்கிழமை வரைகூடக் காத்திருக்காமல் அவன் போலீஸுக்குப் போய்விட்டான். விலங்கு மாட்டியபோது குருமூர்த்தி கையை இழுக்கவும் இல்லை.

"அப்ப... வண்டி?" என்று மட்டும் கேட்டான்.

அனிதா ஷெட்டுக்குப் பின்னால் போய்த் தார்ப்பாயை விலக்கினாள். கந்தவேலின் கார்! பானெட் திறந்து கிடந்தது. லீக் தேடும் புகை மெஷினின் குழாய் அதன் வயிற்றுக்குள் இன்னும் செருகியபடியே இருந்தது.

"காருக்குப் புகை விட்டேன், உங்களுக்குக் கதை விட்டேன்," என்றாள் அவள். "ரெண்டு எடத்துலயும் லீக் சட்டுனு தெரிஞ்சுருச்சுங்க சார்!"