வாயைத் திறக்காத மீன்கள்

அம்மா பல் டாக்டர். மகளுக்கோ இரண்டு சொத்தைப் பல்! அதனால் கிளினிக்கில் எல்லோரும் அவளைச் 'சொத்தை ராணி' என்றுதான் கூப்பிடுவார்கள். ராணி அதற்கெல்லாம் அசரமாட்டாள்.

கிளினிக்கின் முன்னறையில் இரண்டு மீன்தொட்டிகள் இருந்தன. இரண்டிலும் சிவப்பு வயிற்றுப் பிரானாக்கள். பல்லுக்குப் பேர்போன மீன்கள் ஆயிற்றே என்று அம்மா ஆசையாக வாங்கியவை.

முதல் தொட்டி மீன்கள் பண்ணையில் பிறந்து வளர்ந்தவை. மனிதர்களைக் கண்டாலே தீனி வருகிறது என்று முண்டியடித்துக்கொண்டு வரும். இரண்டாம் தொட்டியில் இருந்தவை ஆற்றிலிருந்து பிடித்து வந்தவை. வயிறு இன்னும் செக்கச்செவேல் என்றிருக்கும். ஆனால் யாராவது கிட்டே வந்தால் போதும், மூலையில் போய் ஒண்டிக்கொள்ளும்.

அந்தத் தொட்டியில், மீன்களை விற்ற மீன்கடை மாமா பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்: 'ஜாக்கிரதை! முரட்டு மீன்! கடிக்கும்! கண்ணாடியைத் தட்டாதீர்!'

படித்தவர்கள் எல்லோரும் தட்டினார்கள். தட்டாதே என்று எழுதிவைத்தால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்?

வந்த நாளிலிருந்து அந்த மீன்கள் ஓர் உருண்டைத் தீனியைக்கூடத் தொடவில்லை.

"சரியான தொடைநடுங்கிங்க. நான் திருப்பி எடுத்துட்டுப் போயிடறேன் டாக்டர்" என்றார் மீன்கடை மாமா.

ராணி ஓடிவந்து தொட்டியை மறைத்துக்கொண்டு நின்றாள். "ஏற்கெனவே பட்டினி கிடக்குதுங்க மாமா. மறுபடியும் பையில போட்டுக் குலுக்கினா செத்தே போயிடும்!"

"இங்கே இருந்தா மட்டும் சாப்பிடுதாக்கும்?"

ராணி கொஞ்சம் யோசித்தாள். "புதுப் பள்ளிக்கூடத்துல முதல் நாள் நானும்தான் சாப்பிடலை. எல்லாரும் சுத்தி நின்னு என்னையே பார்த்தாங்க. இதுங்களுக்கும் அப்படித்தானே இருக்கும்? அதோட, ஆத்துல மேலேருந்து உருண்டை உருண்டையா தீனி விழுமா என்ன?"

மாமா தலையைச் சொறிந்தார். "சரி, ஒரு வாரம் பாரு. அப்புறமும் சாப்பிடலைன்னா பையோட வருவேன்."

ராணி தொட்டியின் மூன்று பக்கமும் பழைய நீலத் துண்டைச் சுற்றினாள். மேல்விளக்கை அணைத்தாள். மிதக்கும் செடிகளைப் போட்டாள். உருண்டைக்குப் பதிலாகச் சின்னச் சின்ன மீன் துண்டுகள் வைத்தாள். மாமா ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டு, தன் கையாலேயே எழுதி ஒட்டினாள்:

'உஷ்! இவங்க ஊருக்குப் புதுசு.'

அதன்பிறகு ஒருவரும் தட்டவில்லை. பெரியவர்கள்கூட நுனிக்காலில் நடந்தார்கள். மீன்கள் மூலையை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தன. ஆனாலும் சாப்பிடவில்லை. வாரமும் முடிந்துவிட்டது.

அன்று ஒரு குட்டிப் பையன் வந்திருந்தான். ராணியின் அம்மா கெஞ்சியும் பார்த்தார், கொஞ்சியும் பார்த்தார். அவன் வாயைத் திறந்தால்தானே! நாற்காலியிலிருந்து குதித்து ஓடிவந்து, இரண்டாம் தொட்டியின் பக்கத்தில் சுருண்டு உட்கார்ந்தான்.

ராணி அவன் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள். "பயமா இருக்கா?"

பையன் வாயை மூடிக்கொண்டே தலையாட்டினான்.

"இதுங்களுக்கும்தான். சும்மா என்கூட இரு. யாரும் உன்னை ஒண்ணும் கேட்க மாட்டாங்க."

அவள் ஒரு மீன் துண்டைத் தண்ணீரில் நழுவவிட்டாள். இருவரும் அசையாமல் இருந்தார்கள்.

ஒரு மீன் வந்தது. பார்த்தது. பின்வாங்கியது. மறுபடி வந்தது.

லபக்!

"ஆ!" என்று பையன் வாயைப் பிளந்தான்.

"அம்மா, ஓடி வா! வாயைத் திறந்துட்டாங்க!"

"யாரு, மீனா? பையனா?"

"ரெண்டு பேரும்!"

அம்மா குனிந்து, அந்தப் பிளந்த வாய்க்குள் எட்டிப் பார்த்தார். "அட, ஒரே ஒரு சொத்தைப் பல்லுதானா? ராணி அக்கா உன் கையைப் பிடிச்சுக்கட்டும், பார்த்துடலாமா?"

பையன் ராணியின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் பெரிதாக வாயைத் திறந்தான். தொட்டிக்குள் இரண்டாவது மீனும் சாப்பிட வந்தது.

வாசலில் காலிப் பையோடு நின்றிருந்த மீன்கடை மாமா, அதைச் சத்தம் வராமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நுனிக்காலில் திரும்பி நடந்தார்.