நயினார் அண்ணாச்சி உபயம்

திருச்செந்தூர் முருகன்மேல் ஆணை. இதில் ஒரு சொல் பொய்யென்றால் நாளைக் காலை காப்பி என் தொண்டையில் இறங்க வேண்டாம்.

நயினார் அண்ணாச்சி தூத்துக்குடியில் கயிற்றுக்கடை வைத்திருந்தவர். அவர் தாயார் இறந்தபோது அவருடைய மூத்த அண்ணன் கப்பல் வேலையில் நடுக்கடலில் இருந்தார். சித்திரை வெயில் அவருக்காகக் காத்திருக்கவில்லை. அண்ணன் வந்து சாம்பலைத்தான் பார்த்தார்.

அன்றிலிருந்து அண்ணாச்சிக்கு ஒரே குறி. கடலுக்குப் போன பிள்ளை கடைசியாக முகம் பார்க்க வேண்டும். ஊருக்கென்று ஒரு பிரீசர் பெட்டி வாங்கிவிட்டார். சாதி பாராமல், தெரு பாராமல் சாவு வீட்டுக்கெல்லாம் சும்மாவே போகும். பக்கவாட்டில் சிவப்பு எழுத்து: ‘நயினார் உபயம்.’

அண்ணாச்சி கண்மூடிய மறுவாரமே அக்காள் மகன் பாண்டித்துரை அந்தப் பெயரைச் சுரண்டித் தன் பெயரை எழுதினான். பிறகு பெட்டி பெரிய வீடுகளுக்கு மட்டுமே போனது.

போன சித்திரையில் என் பக்கத்து வீட்டு உப்பளக்காரர் சுடலைராஜ் இறந்தார். மனைவி தங்கத்தாய் கெஞ்சிக் கூத்தாடிப் பெட்டியை வாங்கிவந்தாள். மகன் மாலத்தீவிலிருந்து தோணியில் வந்துகொண்டிருந்தான்.

மறுநாள் மத்தியானம் பாண்டித்துரை வேனோடு வந்து நின்றான்.

“ஏளா, பெட்டிய எடுக்கணும். மில்லுக்காரர் வீட்டுல பெரியவரு போயிட்டாரு.”

“மொதலாளி, எம்மவன் சாயங்காலம் வந்துருவான். அப்பன் மொகத்த ஒரு தடவ…”

“போட்டோவுல பாக்கச் சொல்லு.”

பிளக்கைப் பிடுங்கினான்.

சன்னல் சாத்திய அறை. ஊதுவத்திப் புகை, வாடிய ரோஜா மாலை. இரைந்துகொண்டிருந்த மோட்டார் அடங்கியது.

அடங்கிய சத்தம் மறுபடி கிளம்பியது.

ஒயர் அவன் கையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கிருந்தோ தேங்காய்நார்க் கயிற்றின் வாசம். கண்ணாடி மூடியில் பனி படர்ந்தது. உள்ளேயிருந்து ஒரு விரல் எழுத ஆரம்பித்தது.

ந. யி. னா. ர்.

சுடலைராஜின் கட்டைவிரல்கள் கட்டியது கட்டியபடி மார்பில் இருந்தன.

பாண்டித்துரை எழுத்தை அழிக்கப் போனான். வைத்த உள்ளங்கை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது.

“ஏலே, இழுக்காத. தோலு வந்துரும்” என்றேன், தலைமாட்டில் நின்றுகொண்டிருந்த நான்.

“யாரு பாட்டையா புடிக்கிறது?”

“அதான் பேரு எழுதியிருக்குல்லா. வாசிச்சுக்கோ.”

“மாமா… விடுங்க மாமா.”

கண்ணாடிக்கு அடியிலிருந்து மெல்லக் கேட்டது.

“அந்தப் பய வார வரைக்கும் நில்லு, மருமவனே.”

நின்றான். வெளியே தார் உருகும் வெயில். அவன் மீசையில் பனி. விரல் நுனியிலிருந்து முழங்கை வரை நீலம் ஏறியது.

சாயங்காலம் மகன் வந்தான். அப்பன் முகம் அப்போதுதான் கண்ணயர்ந்ததுபோல் இருந்தது. அவன் விழுந்து கதறிய கண்ணீர் மூடியில் பட்டதும் கை விடுபட்டது.

தோல் மட்டும் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது.

பாண்டித்துரை இப்போது இடது கையால்தான் சாப்பிடுகிறான். பெட்டி கேட்ட வீட்டுக்கெல்லாம் போகிறது. அவன் பெயர் தானாக உதிர்ந்து, பழைய சிவப்பெழுத்து மேலே வந்திருக்கிறது. பிளக் மாட்டாத நாளிலும் தொட்டால் விரல் விறைக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் சத்தியத்துக்குக் குறை. நயினார் அண்ணாச்சி இன்னும் சாகவில்லை. நேற்றுகூடப் பழைய துறைமுகத்துப் பக்கம் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். டீதான்; காப்பி நான் தொடுவதே இல்லை.