கேட்டபடி எழுதிய சீட்டு

மாலை 6.40. வீட்டிலேயே இருந்த வகுப்பறையின் கதவைத் திறந்த மகள், அம்மா மேஜைமேல் தலைசாய்த்துத் தூங்குகிறார் என்றுதான் நினைத்தாள். தோளைத் தொட்டவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். டீச்சரின் உடம்பு சில்லிட்டிருந்தது.

7.25க்கு இன்ஸ்பெக்டர் வந்தார். ஐம்பதைத் தொடும் பெண்மணி. அதிகம் பேசமாட்டார், ஆனால் அவர் காதுக்கு எதுவும் தப்பாது. மேஜைமேல் ஒரு காலிக் கோப்பை. அடியில் தங்கியிருந்ததைக் கூட வந்த மருத்துவர் கிளறிப் பார்த்தார்.

"இது தேயிலை இல்லை. காய்ந்த அரளி இலை."

வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு போனில் பேசும் வேலைக்குப் போகிறவர்களுக்கு டீச்சர் அந்த அறையில் உச்சரிப்புச் சொல்லிக்கொடுத்தார். சுவரில் அவர் கைப்பட எழுதிய பட்டியல். எல்லாம் பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷுக்குள் வந்த சொற்கள். இங்கிலாந்துக்காரர் சொல்வது இடப்பக்கம், அமெரிக்கர் சொல்வது வலப்பக்கம். மூலிகைக்கு இங்கே ஹெர்ப், அங்கே எர்ப். மீன்துண்டுக்கு இங்கே ஃபில்லெட், அங்கே ஃபிலே. இப்படியே தரைவரைக்கும் இறங்கியது.

டீ போட்டுக் கொடுத்தது சமையல்காரம்மா. அழுது அழுது அவர் குரலே போயிருந்தது.

"இந்த இலை இருந்த டப்பா எங்கேருந்து வந்துச்சு?"

"கார் ஷெட்டுலேருந்துங்க. பெரியவர் போன் பண்ணிச் சொன்னார்."

பெரியவர் என்பது டீச்சரின் அண்ணன். இருபத்தாறு வருஷம் அமெரிக்காவில் இருந்துவிட்டுப் பத்து நாள் முன்புதான் தங்கையைப் பார்க்க வந்திருந்தார்.

"அவர் குரல்தானா?"

"தொண்டை கட்டியிருக்குன்னார். அவர் என்கிட்ட மொத்தமா நாலு வார்த்தை பேசியிருப்பார், எனக்கென்ன தெரியும்? இதோ எழுதி வெச்சிருக்கேன். எனக்கு இங்கிலீஷ் வராது, காதுல விழுறதை அப்படியே எழுதிடுவேன்."

நாட்காட்டித் தாளின் பின்பக்கம், குண்டு குண்டான எழுத்து:

'2.15. பெரியவர் போன். அம்மாவுக்கு எர்ப் டீ வாங்கிட்டு வந்திருக்கார். கேரிஜ்ல மேல்தட்டு, பச்சை டப்பா. நாலு மணிக்குக் குடுக்கணும்.'

இன்ஸ்பெக்டர் அதை இரண்டு முறை படித்துவிட்டுப் பைக்குள் வைத்தார்.

8.05. அண்ணன் உள்ளே வந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"போன் பண்ணினீங்களா?"

"இல்லை."

"ரெண்டேகாலுக்கு எங்கே இருந்தீங்க?"

"ரெண்டு மணிக்குக் கராஜ்லேருந்து காரை எடுத்தேன். சும்மா சுத்திட்டு அஞ்சு மணிக்கு வந்து படுத்துட்டேன்."

"கூட யாராவது?"

"யாரும் இல்லை."

"நேத்து தங்கச்சியோட சத்தம் போட்டீங்களாமே?"

"பள்ளியை மூடிட்டு என்கூட வந்துடுன்னேன். முடியாதுன்னா. அண்ணன் தங்கச்சிக்குள்ள அது ஒரு சண்டையா?"

8.30. மகளின் கணவர், அந்த வீட்டு மாப்பிள்ளை. இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவர். நாலு வருஷமாக அத்தையின் பள்ளியிலேயே பாடம் எடுத்தார்.

"ரெண்டேகாலுக்கு?"

"ஒலிப்பதிவு அறையில பாடம் பதிவு பண்ணிட்டிருந்தேன்."

"அந்தப் பச்சை டப்பா?"

"எனக்குத் தெரியாது. என்கிட்ட கார் இல்லை, கேரிஜ் பக்கமே நான் போறதில்லை." கொஞ்சம் தயங்கினார். "சொல்லக் கூடாதுதான். பெரிய மாமா நேத்து கத்தின கத்தல்தான் மனசை உறுத்துது."

மகளிடம் இன்ஸ்பெக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அம்மா யார்கிட்டயாவது பேசாம இருந்தாங்களா?"

"ரெண்டு நாளா என் வீட்டுக்காரர்கிட்ட. காரணம் கேட்டதுக்கு, நாளைக்குத் தெரியும்னாங்க."

வாசலில், இன்ஸ்பெக்டரோடு வந்திருந்த சார்ஜென்ட் துள்ளாத குறை. "மேடம், எர்ப்! இந்த வீட்டுல ஹ விழுங்கிப் பேசுறவர் அண்ணன் ஒருத்தர்தான். அந்தம்மா கேட்டதைக் கேட்டபடி எழுதி, ஆளைக் கையும் களவுமா புடிச்சுக் குடுத்திருக்காங்க. விலங்கு மாட்டிடலாமா?"

"அடுத்த வரியையும் படிச்சீங்களா?"

சார்ஜென்ட் விழித்தார். இன்ஸ்பெக்டர் அவரை ஒலிப்பதிவு அறையைச் சோதிக்க அனுப்பிவிட்டு, சுவரில் இருந்த பட்டியல் முன் வெகுநேரம் குனிந்து நின்றார்.

மறுநாள் காலை 10.00. நால்வரும் வகுப்பறையில். சீட்டு மேஜைமேல் இருந்தது.

"போன் பண்ணினவர் எர்ப்னு சொன்னார். அது அமெரிக்கப் பேச்சு. அதே மூச்சுல கேரிஜ்னும் சொன்னார். கார் ஷெட்டுக்கு அது இங்கிலாந்துப் பேச்சு, இந்தப் பட்டியல்லயே கீழே இடப்பக்கம் இருக்கு. அமெரிக்காவுலேருந்து வந்தவர் நேத்து என்கிட்ட கராஜ்னுதான் சொன்னார். சமையல்காரம்மா வாயில அது கார் ஷெட். அப்போ அந்தச் சொல் இந்தச் சீட்டுக்குள்ள எப்படி வந்துச்சு? பேசினவர் வாயிலேருந்துதான் வரணும்."

மாப்பிள்ளை சிரிக்கப் பார்த்தார். "இந்தப் பட்டியலையே தினம் நடத்துறவன் நான். எனக்குத் தெரியாதா?"

"நல்லாத் தெரியும். பெரியவர் மாதிரி பேசணும்னு எர்ப்பைத் தயார் பண்ணிட்டுப் போனீங்க. டப்பா இருக்கிற இடத்தைச் சொல்லும்போது கவனம் டப்பா மேல போயிடுச்சு. சின்ன வயசுலேருந்து புழங்குற சொல் தானா வந்து விழுந்துடுச்சு. நேத்து என் முன்னாடியும் விழுந்துச்சு."

"ஒரு சொல்லை வெச்சு ஒருத்தனைத் தூக்குல போடுவீங்களா?"

"மாட்டேன். எங்கே தேடணும்னு அது காட்டிச்சு, அவ்வளவுதான்." சார்ஜென்ட் ஒரு கைபேசியை மேஜைமேல் வைக்க, இன்ஸ்பெக்டர் தொடர்ந்தார். "ஒலிப்பதிவு அறை அலமாரியில இருந்துச்சு. சாவி உங்ககிட்ட மட்டும்தான். ரெண்டேகாலுக்கு இந்த வீட்டுக்குப் போன் வந்தது இதுலேருந்துதான். நாற்பத்திரண்டு மாணவர்களுக்குப் பதிலா, அவங்க மாதிரியே குரல் மாத்திப் பேசி, போன்ல நடக்குற வாய்மொழித் தேர்வை முடிச்சுக் குடுத்ததும் இதுலேருந்துதான். டீச்சர் அதைக் கண்டுபிடிச்சுட்டாங்க. இன்னிக்குத் தேர்வு அலுவலகத்துக்குப் போறதா இருந்தாங்க."

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. யாரோ முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். சார்ஜென்ட் கையைப் பிடித்ததும் அவர் எழுந்து நடந்தார்.

கையெழுத்து வாங்க இன்ஸ்பெக்டர் சமையலறைக்குப் போனபோது, சமையல்காரம்மா அணைந்த அடுப்பின் முன் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எழுதினதாலதான் ஆள் சிக்கினான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என் கையாலதானேம்மா குடுத்தேன்."

மகள் வந்து தரையில், அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பின்னாலேயே வந்த பெரியவர் நிலைப்படியில் நின்றுவிட்டார்.

"அந்த டீயைக் குடிச்சிட்டு அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் மகள்.

சமையல்காரம்மா பெரியவரைப் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று தவித்தார்.

"ஒரு வாய் குடிச்சதுமே ரொம்பக் கசக்குதுன்னாங்க. கொட்டிடவான்னு கேட்டேன். வேண்டாம், அண்ணன் அவ்வளவு தூரத்துலேருந்து ஆசையா கொண்டாந்திருக்கார், மிச்சம் வெச்சா மனசு சங்கடப்படுவார்னு சொல்லி, கண்ணை மூடிக்கிட்டு முழுசாக் குடிச்சாங்க."

பெரியவர் உள்ளே வந்து, தரையில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.