ஐந்தாம் குழி

பந்து குழிக்குள் விழுந்த பிறகு சத்தம் வரவில்லை.

ஓவசியர் செல்வநாயகம் குனிந்தபடியே நின்றார். அந்தக் குழி ஒரு சாண் ஆழந்தான். அடியில் ஒரு தகரக் குவளை புதைந்திருந்தது. அதை முந்தநாள் அவரே தன் கையால் இறக்கி, விளிம்புக்கு மட்டம் பார்த்து, சுற்றிவர மண்ணை விரலால் குத்தி இறுக்கியிருந்தார். முதல் நான்கு குழிகளிலும் பந்து விழுந்ததும் தகரத்தில் ‘டங்’ என்று கேட்டது. இங்கே கேட்கவில்லை. மாசி மாதத்து மத்தியான வெயில் பாறைகளில் பட்டுக் கானலாக நெளிய, வெட்டிய புல்லின் பச்சை வாசம் மூக்கில் ஏற, எங்கோ ஒரு மயில் பாதியில் அகவி நிறுத்த, அவர் ஒரு மூச்சை இழுத்து விட்டு அடுத்த மூச்சை இழுக்கும்போது, வெகு கீழே, ஈரமான இருட்டுக்குள், ஏதோ தண்ணீரில் விழுந்தது.

கையை விட்டுப் பார்த்தார். தகரம் இருந்தது. பந்தும் இருந்தது.

பந்து நனைந்திருந்தது.

துணுக்காய்க்குத் தெற்கே, தட்டையாகக் கிடக்கும் வன்னிக் காட்டுக்குள் நாவற்பிட்டி மட்டும் வேறு மாதிரி. ஏழெட்டுக் கற்குன்றுகள், அவற்றுக்கு நடுவே தாமரை மூடிய ஒரு சிறுகுளம், அதற்கப்பால் பாலைமரக் காடு. மான் வேட்டைக்கு வந்த கொழும்புத் துரைமார் ஒரு பின்னேரம் குன்றில் ஏறி நின்று பார்த்துவிட்டு, இங்கே கோல்ப் விளையாட ஒரு மைதானமும் தங்க ஒரு பங்களாவும் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். போன வருடம், அறுபத்தோராம் ஆண்டு சித்திரையில், வேலை தொடங்கியது. காட்டை வெட்டி, பாறைக்கு வெடி வைத்து, பள்ளத்தை நிரவி, மேட்டைச் சீவி, ஒன்பது குழிகளைச் சுற்றியும் பட்டுப்போலப் புல் வளர்த்தெடுக்கும் பொறுப்பு முழுவதும் செல்வநாயகத்திடம் வந்தது. இருபது வருடம் வாய்க்காலும் மதகும் கட்டிக் களைத்த மனிதருக்கு, அழகுக்காக ஒரு நிலத்தைச் செதுக்குகிற வேலை அதுவரை வாய்த்ததில்லை. ஐந்தாம் குழியை வரைபடத்தில் அந்த இடத்தில் வைத்தவரும் அவர்தான். அங்கே நின்றால் குளம் முழுவதும் தெரியும். பொழுது படும்போது தாமரை இலையெல்லாம் செம்புத் தகடாக மினுங்கும்.

அந்த இடத்தில் அன்னபாக்கியத்தின் கிணறு இருந்தது.

புருசன் பாம்பு கடித்துச் செத்த பிறகும் அவள் அங்கேயே தனியாக இருந்து, மிளகாயும் சோளனும் போட்டுச் சீவித்தாள். கிணறு இரண்டு பேருமாக வெட்டியது. சுற்றியிருந்த நாலைந்து குடிகளும் எழும்பிப் போய்விட்டன, அவள் போகவில்லை. ஆவணி மாதத்தில் ஒருநாள், வெடி வைத்து உடைத்த கல்லெல்லாம் கிணற்றடியில் குவிந்து கிடக்க, குவியலுக்கு அப்பால் புல்டோசர் உறுமிக்கொண்டு நிற்க, அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிணற்றுச் சுவரில் வெட்டியிருந்த படிகளில் காலை வைத்து உள்ளே இறங்கினாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, மேலே விளிம்பில் நின்ற செல்வநாயகத்தைப் பார்த்தாள்.

“மூடுறதெண்டால் என்னையும் சேர்த்து மூடும், பாப்பம்!”

அவள் முகத்தில் பயம் இருக்கவில்லை. அதுதான் செல்வநாயகத்துக்குக் கோபத்தை ஏற்றியது. மூடமாட்டார் என்று அவள் நம்பினாள். மாரி பிறந்ததும் புல் பதிக்க வேண்டும் என்று துரைமார் எழுதிய கடிதம் அவர் சட்டைப்பையில் இருந்தது. கிணற்றடியிலிருந்து புல்டோசருக்கு நாற்பது காலடி தூரம். அந்த நாற்பது காலடியையும் அவர் அவசரமில்லாமல் நடந்தார்.

புல்டோசர் ஓட்டியவன் முல்லைத்தீவு லாபிர். நல்ல கவனக்காரன்.

“உள்ளுக்கை ஒருத்தரும் இல்லையே, ஐயா?”

“இல்லை. அவா விடியவே தண்ணீரூற்றுக் கிராமத்துக்கு, தமையன் வீட்டை போயிட்டா. நீர் தள்ளும்.”

முதல் கற்கள் சரிந்தபோது உள்ளேயிருந்து வந்த குரல் இரைச்சலில் லாபிருக்குக் கேட்கவில்லை. கிணற்றடிக்குத் திரும்பி வந்து நின்ற செல்வநாயகத்துக்குக் கேட்டது. “ஐயா, நான் வாறன்! ஐயா, நான் ஏறி வாறன்!” கையை உயர்த்தினால் லாபிர் நிறுத்தியிருப்பான். கை உயரவில்லை. இரண்டாவது தள்ளலோடு குரல் நின்றது. ஏழு நாள் கல் தள்ளி, மேலே மண் நிரவி, மாரி பிறந்ததும் புல் பதித்தார்கள். அவளைத் தேடி ஒருவரும் வரவில்லை.

பந்து நனைந்த அன்று பின்னேரம் அவர் துரைமாரின் கம்பனி கொடுத்த குவாட்டர்சுக்கு வந்தார். மார்கழியில்தான் அவர் மனைவி கமலாசனி சாவகச்சேரியிலிருந்து வந்து சேர்ந்திருந்தாள். பிள்ளையில்லாத வீட்டில் பதினெட்டு வருடம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். இந்தக் காட்டில் அவள் புதிதாக உயிர்த்திருந்தாள். செவ்வரத்தை நட்டாள், திறப்புவிழாவுக்கு வரப்போகும் துரைமாரின் பெண்டுகளுக்கென்று பலகாரத்துக்கு மா இடித்தாள், கம்பனி கட்டிக் கொடுத்த புதுக் கிணற்றில் கப்பி கிறீச்சிட நாளுக்குப் பத்துக் குடம் அள்ளினாள்.

தேத்தண்ணியை நீட்டியபடி சொன்னாள்:

“இஞ்சாருங்கோ, கிணத்துக்கை கல்லு விழுந்து கிடக்குது போல. வாளி தட்டுது.”

“கிணத்துக்கட்டு எங்கையாவது இடிஞ்சிருக்கும்.”

போய்ப் பார்த்தார். கட்டு இடியவில்லை. சீமெந்துப் பூச்சில் ஒரு கீறல்கூட இல்லை. வாளியை இறக்கி அளைந்தபோது அது எதிலோ மோதிச் சாய்ந்து, எதையோ அள்ளிக்கொண்டு, தண்ணீரைவிடக் கனமாக ஏறி வந்தது. உள்ளே உள்ளங்கை அளவு கருங்கல் ஒன்று. ஒரு பக்கத்தில், விரலால் தடவினால் விரல் படிந்து போகிற மாதிரி, அரைவட்டமாக ஒரு தவாளிப்பு: வெடிமருந்து திணிக்கக் கம்பியால் துளைத்த தடம். இந்தப் பக்கம் அப்படிக் கல் உடைத்தது ஒரே ஒரு இடத்தில்தான்; அந்தக் கல் முழுவதும் அன்னபாக்கியத்தின் கிணற்றுக்குள் போயிருந்தது. அவர் அதைக் காட்டுக்குள் தூர எறிந்துவிட்டுக் கையைச் சாரத்தில் துடைத்தார். துடைத்த பிறகும் கை ஈரமாகவே இருந்தது.

அடுத்த நாள் ஐந்தாம் குழியில் பந்தைப் போட்டுவிட்டு மூச்சை எண்ணினார். இரண்டு மூச்சு.

வீட்டுக் கிணற்றில் வாளி முன்னையைவிடச் சீக்கிரம் தட்டியது.

அதற்கடுத்த நாள் மூன்று மூச்சு. கமலாசனி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, “தண்ணி மேல வருகுது, ஆனால் ஆழம் இல்லை. என்ன புதினமோ” என்றாள். அவருக்குப் புரிந்தது. கல்லைப் போட்டால் தண்ணீர் ஏறும். ஐந்தாம் குழியின் கீழ் ஆழம் கூடக் கூட, கால் மைல் தள்ளி, குன்றுக்கு மற்றப் பக்கம், அவருடைய கிணறு நிரம்பிக்கொண்டு வந்தது. நிலத்துக்குக் கீழே யாரோ ஓய்வெடுக்காமல், கோபத்தில் அவசரப்படாமல், ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொண்டுபோய் இங்கே வைத்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். சாப்பிடும்போது கோப்பைக்குள் சோறு மண் வாசம் வீசியது. பகல் படுக்கையில் தலையணையோடு காதை வைத்தால் கல்லோடு கல் உரசும் சத்தம் கேட்டது.

“நீர் கொஞ்ச நாளைக்கு ஊருக்குப் போய் நில்லும், கமலா.”

“இப்பவோ? வாற சனிக்கிழமை விழாவை வைச்சுக்கொண்டோ? ஏன், என்ன நடந்தது?”

அவள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லுவதற்கு ஒரு வசனம் போதும்.

“ஒண்டுமில்லை” என்றார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஐந்தாம் குழியில் பந்து போட்டார். எண்ணினார். தண்ணீர்ச் சத்தம் வரவே இல்லை. அதற்குப் பதிலாகக் கீழேயிருந்து ஒரு காற்று மட்டும், மூச்சு விட்டதுபோல, குழியால் வந்து அவர் முகத்தில் பட்டது. பாசி வாசம்.

லாபிரையும் புல் பார்க்கிற இளையதம்பியையும் கூப்பிட்டு மண்வெட்டியும் அலவாங்கும் கொண்டுவரச் சொன்னார்.

இளையதம்பி திகைத்துப் போனான். “ஐயா, புல்லு இப்பதான் பிடிச்சிருக்கு. சனிக்கிழமை துரைமார் வருகினம்…”

“வெட்டும் எண்டால் வெட்டும்!”

அங்கே அவள் இருக்கவேண்டும். கல்லுக்கு அடியில், நசுங்கி, எலும்பாக இருக்கவேண்டும். அதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தது. இரண்டு அடி மண்தான் வெட்டியிருப்பார்கள். இளையதம்பி குத்திய இரும்பு அலவாங்கு கையை விட்டு நழுவிக் கீழே போனது. போய்க்கொண்டே இருந்தது. மூவரும் மண்ணை விலக்கினார்கள்.

கிணறு வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. உள்ளே ஒரு கல்லும் இல்லை.

அடியில் தெளிந்த தண்ணீர் வானத்தைக் காட்டியது. எலும்பில்லை. சேலைத் துண்டுகூட இல்லை.

“ஏழு நாள் தள்ளினனான், ஐயா.” லாபிர் விளிம்பில் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தான். “அந்தக் கல்லெல்லாம் எங்கை?”

செல்வநாயகம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் வெட்டிய படிகள், அடியிலிருந்து மேல் வரை. ஒவ்வொரு படியிலும் புதுச் சேறு. எல்லாவற்றுக்கும் மேலே, புல்லின் வேர்கள் தொங்குகிற இடத்தில், ஐந்து விரல் பிறாண்டிய தடம். அந்தப் பக்கத்துப் புல் பாயின் ஓரம்போலக் கிளம்பியிருந்தது. யாரோ வெளியே வந்து, பதமாக மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மூடிய இடத்திலிருந்து காலடிகள் தொடங்கின. வெறுங்கால். ஈரம் இன்னும் காயவில்லை.

குன்றைத் தாண்டிப் போயின. குவாட்டர்ஸ் பக்கம்.

அவர் ஓடினார். ஐம்பது வயது உடம்பு. செருப்பு எங்கேயோ கழன்றது. முள் குத்தியது தெரியவில்லை. பொழுது குளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. குன்றின் உச்சியில் நின்று பார்த்தார். வீடு. புகைக்கூட்டில் புகை. கிணற்றடியில் கமலாசனி, குடத்தோடு. உயிரோடு. அவருக்கு அழுகை வந்தது.

“கமலா!”

அவள் திரும்பிச் சிரித்தாள். “நல்ல வேளை வந்தியள். உங்களைத் தேடி ஒரு அம்மா வந்திருக்கிறா. பாவம், கை காலெல்லாம் மண். தண்ணி கேட்டா. ஒரு குடமும் குடிச்சிட்டு இன்னும் கேக்கிறா. குசினிக்கை இருக்கச் சொல்லிப்போட்டு அள்ள வந்தனான்.”

“என்ன சொன்னவா?”

“ஒண்டும் சொல்லேல்லை. ஓவசியர் ஐயா வரட்டும், சொல்லுறன் எண்டவா. ஆர் அவா?”

அந்த நேரத்தில் அவர் அவளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடியிருக்கலாம். துரைமாரிடம் வாங்கிய நல்ல பெயர், சனிக்கிழமை விழா, பதினெட்டு வருடம் தன்னை நம்பிய இந்த முகம், எல்லாம் ஒரு கணத்தில் அவர் கண்ணுக்குள் வந்து நின்றன. கமலாவுக்குத் தெரியக்கூடாது. அன்னபாக்கியம் வாய் திறக்க முன்னம் மறிக்கவேண்டும்.

“நீர் இதிலை நில்லும்” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் புகுந்தார்.

பலகைக் கட்டிலில் ஒருவர் இருந்த அளவுக்கு ஈரம். கவிழ்ந்த செம்பு. காலிக் குடம். அடுப்பு அணைந்திருந்தது. சாம்பலிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஆள் இல்லை. ஈரக் காலடிகள் பின்கதவால் வெளியே போயின.

வெளியே கப்பி கிறீச்சிட்டது. கிறீச். கிறீச்.

நின்றது.

பிறகு ஒரு கல் விழுந்தது.

பிறகு பல.

“கமலா!”

கிணற்றடியில் ஒருவரும் இல்லை. குடம் உருண்டு கிடந்தது. கிணறு விளிம்பு வரை நிரம்பியிருந்தது. கல். கருங்கல். ஒவ்வொன்றிலும் துளைத்த தடம். கையால் அடுக்கியதுபோல இடைவெளி இல்லாமல். அவற்றுக்கு நடுவால், கப்பியிலிருந்து, கயிறு விறைத்து உள்ளே இறங்கியது.

அவர் கல்லைப் பிறாண்டினார். ஒன்றைத் தூக்கினால் கீழிருந்து ஒன்று ஏறியது. இன்னொன்று. இன்னொன்று. நகம் பெயர்ந்தது. குன்றின் மேல் லாபிர் வந்து நின்றான். கூப்பிட்டான். கிட்ட வரவில்லை.

கயிறு அசைந்தது.

தரையில் கிடந்த மிச்சக் கயிறு, சுருள் சுருளாக, உள்ளே போகத் தொடங்கியது. அவர் பாய்ந்து பிடித்தார். இரண்டு கையாலும். கப்பி சுழன்றது. உள்ளங்கை எரிந்தது. விடவில்லை. கயிற்றின் வழியாக அந்த இழுப்பு அவருடைய தோளுக்கு வந்தது.

ஒருவருடைய இழுப்பு அல்ல.

இரண்டு பெண்கள் சேர்ந்து தண்ணீர் அள்ளும்போது இழுக்கிற மாதிரி. மாறி மாறி. ஒரே தாளத்தில். அவசரமில்லாமல்.

அவருடைய கால்கள் மண்ணில் கோடு கீறிக்கொண்டு நகர்ந்தன. வயிறு கிணற்றுச் சுவரில் மோதியது. முகத்துக்கு நேரே கற்கள் ஒன்றையொன்று மெல்ல உரசி விலகின. ஓர் ஆள் புகும் அளவுக்கு.