வாங்கியவர் கருத்து

"புடவை வந்து சேர்ந்தது. நீ ஒரு தரம் உடுத்திப் பார்த்திருக்கிறாய். வாசம் இருக்கிறது."

ஏலத் தளத்தில் 'வாங்கியவர் கருத்து' என்று ஒரு பெட்டி உண்டு. சரக்கு கைக்குப் போனதும் வாங்கினவர்கள் அதில் நாலு வார்த்தை எழுதுவார்கள். கலர் நல்லாருக்கு, சாயம் போகல, இப்படித்தான் வீரலட்சுமிக்கு இதுவரைக்கும் வந்திருக்கிறது. இந்தப் புதுக் கருத்து இங்கிலீஷ் எழுத்தில் தட்டிய தமிழ். பரமக்குடி பஜார் மாடியில், பிரவுசிங் சென்டரின் பலகைத் தடுப்புக்குள்ளே உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கிறுக்குப்பய எவனோ என்று நினைத்தாள். அடுத்த நிமிசமே சிரிப்பு நின்றுபோயிற்று.

ஏனென்றால் உடுத்தியது உண்மை. தறிக்காரர்களிடம் கமிசனுக்கு எடுக்கிற புடவையைக் கொடியில் விரித்துப் படம் பிடிப்பதோடு சரி, மேலே போட்டுப் பார்க்கிற வழக்கமே அவளுக்குக் கிடையாது. இந்த மாம்பழ மஞ்சள் மட்டும் ஆசையைக் கிளப்பிவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிசம் உடுத்தி, கண்ணாடியில் பார்த்துவிட்டு, மடிப்புக் கலையாமல் வைத்துவிட்டாள். பார்த்தது ஆறு வயசு மகள் பூமயில் மட்டும். "கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கம்மா" என்று கையைத் தட்டினாள்.

அதுவும் 'நீ' என்று எழுதியிருக்கிறானே, யார் இவன்? வாங்குகிறவனுக்கு விற்கிறவள் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது என்று முத்தழகு சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

முத்தழகு கூடப் படித்தவள். சென்னையில் அந்த ஏலக் கம்பெனியிலேயே புகார் கேட்கிற பிரிவில் வேலை. ரெண்டு வருசத்துக்கு முன்னால், மாற்றுத்துணி ஒன்றோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவளுக்குப் பரமக்குடியில் வீடு பிடித்துக் கொடுத்தது, இந்தத் தொழிலைக் காட்டியது எல்லாம் அவள்தான். "ஒன் பேரு, அட்ரஸ் எல்லாம் எங்க கம்ப்யூட்டருக்குள்ள பூட்டிக் கெடக்கும்டி. பார்சலும் மதுரை ஆபீஸ் வழியாத்தான் போகும். ஒருத்தனும் மோப்பம் பிடிக்க முடியாது."

தளத்தில் கணக்குத் தொடங்கும்போது, பேரு என்ற இடத்தில் வீரலட்சுமி 'சோலையம்மாள்' என்று பொய்யாகப் போட்டாள். அடுத்த கட்டத்தில் கடைசிப் பேரு கேட்டது. நம்ம ஊரில் எவளுக்கு இருக்கிறது கடைசிப் பேரு? அய்யா பேரைப் போடு என்றாள் முத்தழகு. அங்கேயும் ஒரு பொய்யைத் தட்டிவிட்டிருக்கலாம். விரல் வரவில்லை. தன் பேரை மாற்றலாம், பெத்த அய்யா பேரை மாற்றினால் விளங்குமா? கூத்தையா என்றே அடித்தாள்.

மறைய வேண்டிய காரணம் முதுகுளத்தூர்ப் பக்கம் இருக்கிறது. அவள் புருசன் தவசி. பேரைக் கேட்டால் ஊரே தங்கமான மனுசன் என்று சொல்லும். அந்தத் தங்கந்தான் அவளையும் நாலு வயசுப் பிள்ளையையும் மிளகாய் மூட்டை அடுக்கின அறையில் ரெண்டு நாள் பூட்டி வைத்தது. நெடி ஏறி, பிள்ளை அழக்கூட முடியாமல் இருமிக்கொண்டே கிடந்தாள். கதவுக்கு வெளியே இருந்து தவசி சத்தமே போடாமல் பேசினான்.

"போறதுன்னா போ வீரா. புள்ளைய நான் எடுத்துக்கிருவேன். நீ தேடிக்கிட்டே இரு."

அடுத்த வாரம் இன்னொரு கருத்து வந்தது. "கூத்தையா மகளுக்கு நல்ல கைராசி."

பழைய விற்பனையை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். சித்திரையிலிருந்து விற்ற பதினோரு புடவையையும் ஒரே ஆள் வாங்கியிருக்கிறான். ஒவ்வொன்றிலும் ஏலம் முடியக் கடைசி நிமிசத்தில் வந்து, மற்றவனை எல்லாம் தள்ளிவிட்டு எடுத்திருக்கிறான். ஐயோ, ஊரெல்லாம் நம் புடவையை விரும்புது என்றல்லவா பூரித்துப்போயிருந்தாள்!

முத்தழகுக்குப் போன் போட்டாள். "அய்யா பேரு வெளிய தெரியாதுன்னியேடி?"

"தெரியாதுதான். வேற எவனாச்சும் வெளையாடுவான். நீ ஒண்ணும் பயப்படாத. புள்ள எப்புடி இருக்கா? எத்தன மணிக்கு பள்ளிக்கூடம் விடுது இப்ப?"

நாலு மணி என்றாள் வீரலட்சுமி. இந்த உலகத்தில் தன்னிடம் அக்கறையாகக் கேட்க ஒருத்தியாவது இருக்கிறாளே என்று கண் கலங்கிற்று.

அதற்குப் பிறகு வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம், பகல் முழுக்கத் தடக் தடக்கென்று சுவரை அதிரவைத்து, காதுக்குப் பழகி, கேட்கிறதே தெரியாமல் போயிருந்த அந்தச் சத்தம், இப்போது நடுவில் நிற்கும்போதெல்லாம் அவளும் கை வேலையை நிறுத்திவிட்டு, சாயத்தண்ணி வாடைக்கும் கஞ்சிப்பசை வாடைக்கும் நடுவில் லேசாக மிளகாய் நெடி அடிக்கிறதா என்று மூக்கைத் தூக்கிப் பார்த்தாள். சிலநேரம் அடித்தது. கொல்லைக் கதவை ரெண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். பூட்டித்தான் இருந்தது.

புரட்டாசியில் ஒரு மத்தியானம், மூணேகால் மணி. அதே தடுப்பு. கீழே ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. புதுக் கருத்து ஒன்று.

"தறிச் சத்தத்தில் பிள்ளைக்குத் தூக்கம் வருகிறதா?"

செல்போனில் நம்பர் தப்பித் தப்பி விழுந்தது. மூன்றாவது தரம் முத்தழகு எடுத்தாள்.

"எவனோ என் வீட்டைப் பாத்துட்டான்டி! ஒங்க ஆபீஸ்ல எவனோ காட்டிக் குடுத்துட்டான்!"

முத்தழகு மெதுவாகச் சொன்னாள், "கோவிச்சுக்கிறாத வீரா. நான்தான்."

"என்னடி நீதான்?"

"அவரு ஆபீஸ் வாசல்ல நாலு நாள் நின்னாரு. புள்ள மொகத்தக் காட்டுன்னு அழுதாரு. ஆம்பள அழுது நான் பாத்ததில்ல. அதான் ஒன் கணக்கத் தெறந்து காட்டுனேன். பிரிஞ்சவுகளச் சேத்து வச்சா புண்ணியம்டி. எத்தன காலத்துக்குத் தனியாக் கெடப்ப?"

"அடிப்பாவி! ஒன்ன நம்பித்தானடி புள்ளையத் தூக்கிட்டு வந்தேன்!"

வேலியே பயிரை மேய்ந்துவிட்டது. தவசி மேல்கூட அந்த நேரம் அவ்வளவு ஆத்திரம் வரவில்லை. அவன் எப்படிப்பட்டவன் என்று தெரியும். இந்த முத்தழகுக்கு அவள் தலைவாரிப் பின்னிவிட்டிருக்கிறாள், ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறாள். ஆத்திர அவசரத்துக்கு இந்தச் சித்தி வந்து கூப்பிட்டால் பிள்ளையை அனுப்புங்க என்று டீச்சரிடம் முத்தழகைக் கூட்டிப்போய்க் காட்டி வைத்ததும் வீரலட்சுமியேதான்.

அந்த நினைப்பு வந்ததும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

போனுக்குள்ளே, முத்தழகின் மூச்சுக்குப் பின்னால், ஏதோ சத்தம்.

தடக். தடக்.

"எங்கன இருக்க நீ?"

"ஆபீஸ்லதான்."

தடக். தடக்.

சென்னையில் ஏது தறி?

இணைப்பு அறுந்தது. வீரலட்சுமி எழுந்தாள். எழும்போது கண் திரையில் பட்டது. அவள் கணக்கிலேயே, சோலையம்மாள் என்ற பேரிலேயே, புதுச் சரக்கு ஒன்று ஏலத்துக்கு வந்திருந்தது. அவள் போடாத சரக்கு.

'பள்ளிக்கூடச் சட்டை. ஆறு வயசு. இனிமேல் தேவைப்படாது.'

பதிந்து ஒரு நிமிசம்தான் ஆகிறது என்று காட்டியது.

படம் மேலிருந்து வரிவரியாக இறங்கியது. அவள் வீட்டுக் கொல்லைச் சுவர். கொடிக் கயிறு. காலர். முதல் பட்டன். ரெண்டாவது பட்டன். மூன்றாவது பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஊக்கு. இன்று காலையில்தான் பட்டன் தெறித்துவிழ, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவள் கையால் குத்திவிட்ட ஊக்கு.



சட்டை முடிந்தது. கீழே மண் தரை. சாய்வெயில். அதில் மூன்று நிழல்கள். ஒன்று ஆம்பளை. ஒன்று முந்தானை பறக்கிற பொம்பளை. நடுவில் சின்னது.

ஒரு கை அவன் கையில். ஒரு கை அவள் கையில்.