ஹோல்கம்ப் மாளிகையின் புது துரை

மத்தியானச் சாரலில் வண்டி வந்து நின்றபோது டோர்க்கஸை வரவேற்கக் கணவன் வரவில்லை. வீட்டு மேற்பார்வைக்காரி மார்தாதான் வந்தாள்.

"துரை குதிரையேறப் போயிருக்காருங்கம்மா."

டோர்க்கஸ் சிரித்துவிட்டாள். துரையாம்! ரால்ஃப், லீட்ஸில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார். குதிரையைக் கண்டாலே ஒதுங்கி நடப்பவன். பெரியப்பா மகன் சர் பியர்ஸ் வாரிசில்லாமல் இறந்ததில், பரம்பரைப் பட்டமும் இந்த ஒழுகும் மாளிகையும் அவன் தலையில் வந்து விழுந்தன. குடும்பப் பகையால் அதுவரை இந்த வாசலை அவன் மிதித்ததே இல்லை. அடக்கத்துக்கு வந்தவன் அப்படியே தங்கிவிட்டான்.

ரால்ஃப் சேற்று பூட்ஸோடு உள்ளே வந்தான். பியர்ஸின் வேட்டைநாய் அவன் கையை நக்கிக்கொண்டே வந்தது. இருண்ட நடையில், பாராமலே சுவர்ப்பலகையைத் தள்ளி, உள்ளிருந்து பிராந்தி புட்டியை எடுத்தான்.

"அது அங்க இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் வீடு, எனக்குத் தெரியாதா?"

ரால்ஃப் குடிப்பவனே அல்ல.

டோர்க்கஸுக்குச் சந்தேகம் தட்டியது. முன்பே திருட்டுத்தனமாக இங்கே வந்திருக்கிறானா? பியர்ஸ் குதிரையிலிருந்து விழுந்து செத்தான் என்றார்களே. விழுந்தானா, தள்ளப்பட்டானா?

சமையலறைக்குப் போய் மார்தாவிடம் கேட்டாள்.

மார்தா கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "அடக்கத்தன்னிக்குத்தாம்மா முதல்ல வந்தாரு. கோயிலுக்கு எந்த வழின்னு எங்கிட்டதான் கேட்டாரு. எல்லாரும் கிளம்பினப்புறம் கல்லறைக்குள்ள தனியா நின்னு ஜெபம் பண்ணினாராம். திரும்பி வந்தவரு, 'மார்த்தி, பசிக்குதுடி'ன்னாரு."

"அதுக்கென்ன?"

"என்னை அப்படிக் கூப்பிட்ட ஒரே ஆளைத்தாம்மா அன்னிக்கு அடக்கம் பண்ணினோம்."

தேநீர் மேசையில் டோர்க்கஸ் மெதுவாகக் கேட்டாள். "நம்ம பாப்பா பேரு என்னங்க?"

அந்தச் சின்னச் சவப்பெட்டியை யாரிடமும் கொடுக்காமல் தானே சுமந்தவன் ரால்ஃப்.

"எந்தப் பாப்பா?"

அவள் முகத்தைப் பார்த்ததும் சிரித்தான்.

"ஓ, அதுவா! செத்தது செத்தாச்சு. இன்னொண்ணு பெத்துக்கலாம். வீட்டுக்கு வாரிசு வேணுமில்ல?"

ரால்ஃபின் வாய்தான். சிரிப்பு அவனுடையதல்ல.

தொப்பிகூட எடுக்காமல் தேவாலயத்துக்கு ஓடி, பியர்ஸின் கல்லறையைத் திறக்கச் சொன்னாள். பாதிரியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். துக்கத்தில் கலங்கிய பெண் என்று எண்ணியிருக்க வேண்டும். அவள் மனம் ஆறட்டும் என்று, விளக்கோடு நிலவறைக் கல்லறையைத் திறந்து காட்டினார்.

ஈர மண் வாடை. பியர்ஸின் பெட்டி. அடித்த ஆணிகள் அடித்தபடியே இருந்தன.

"பார்த்தீங்களாம்மா? இங்க ஒண்ணுமில்ல. வாங்க."

விளக்கோடு வெளியே வந்து கதவைப் பூட்டினார்.

உள்ளே யாரோ இருமினார்கள். கரும்பலகைச் சுண்ணாம்புத் தூசியை வருஷக்கணக்காய் விழுங்கிய வறட்டு இருமல்.

பாதிரியாரின் கை சாவியிலேயே நின்றுவிட்டது.

"டோரி," என்றது உள்ளிருந்து ரால்ஃபின் குரல், "விளக்கை எடுத்துட்டுப் போகாதம்மா."