திரையில் இருந்த மாமா

"தொண்ணூற்றெட்டு... தொண்ணூற்றொன்பது... நூறு!"

ஜெயந்தினி கைதட்டினாள். வெளியே மழை, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் தகரக் கூரையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அவள் கைதட்டியது அவளுக்கே கேட்கவில்லை.

அந்த லயத்திலேயே ஒரே கணினி அவளுடையதுதான். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் அண்ணன், முதலாளி தூக்கிப்போட இருந்ததைக் கேட்டு வாங்கி, வட்டகொடை வரை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே வந்தான். வயதான கணினி. பள்ளிக்கூடப் பாடத்தைத் திறக்கச் சொன்னால் முனகும். பிறகு அப்படியே நின்றுவிடும்.

கணினி டீச்சர்தான் வழி சொன்னார். பழைய விண்டோஸை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். அதை ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்து, செய்ய வேண்டியதைத் தாளில் எழுதியும் தந்தார். முதல் வரி சிவப்பு மையில் இருந்தது. 'தேவையானதை எல்லாம் டி டிரைவில் எடுத்து வை. சி டிரைவ் முழுதும் அழிந்துவிடும்.'

சி, டி இரண்டும் கணினிக்குள் இருக்கிற இரண்டு அறைகள். அது ஜெயந்தினிக்கு நன்றாகவே தெரியும். பதினொரு வயதுக்கு அவள் கெட்டிக்காரி. அதை அவளே அடிக்கடி சொல்லிக்கொள்வாள். பாடக் குறிப்பு, வினாத்தாள், கார் ஓட்டும் விளையாட்டு எல்லாவற்றையும் டி அறைக்கு மாற்றிவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தாள்.

இப்போது புதிய திரை வந்துவிட்டது. பளிச்சென்று நீலமாக இருந்தது. ஓரத்தில் ஒரு குப்பைக்கூடை, வேறு ஒன்றுமே இல்லை.

அவள் திரையின் இடது மூலையை மறுபடியும் பார்த்தாள்.

கந்தப்பன் மாமா எங்கே?

மாமாவின் படம் எப்போதும் திரையின் இடது மூலையில் இருக்கும். கண்ணெதிரே இருந்ததால், அது சியிலும் இல்லை, டியிலும் இல்லை, திரையோடு திரையாக இருக்கிறது என்றே அவள் நினைத்திருந்தாள். திரையில் தெரிவதெல்லாம் உண்மையில் சி அறைக்குள்தான் இருக்கிறது என்பது அந்தக் கெட்டிக்காரிக்குத் தெரியாமல் போய்விட்டது.

கந்தப்பன் மாமா பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா அத்தையின் கணவர். போன வருஷம் மலையில் வேலை செய்யும்போது குளவி கொட்டி இறந்துபோனார். அவருடைய உடைந்த போனில் வெள்ளைச் சட்டையோடு ஒரு படம் இருந்தது. அதை ஜெயந்தினி கணினியில் ஏற்றி வைத்தாள். கொஞ்ச நாளில் போனும் செத்துவிட்டது. வேறு படம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு வருஷத் திதி. படத்தைச் சட்டம் போட்டு வைக்க வேண்டும் என்று அத்தை ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்று வியாழன்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, நனைந்த தலையோடு அத்தை வந்து நின்றார். வாரத்தில் இரண்டு மூன்று தடவை இப்படி வருவார்.

"பாப்பா, மாமாவைக் கொஞ்சம் காட்டுறியா?"

ஜெயந்தினி சட்டென்று திரையை அணைத்தாள். "கம்பியூட்டர் பழுதுங்க அத்தை. நாளைக்குப் பார்ப்போம்."

"பரவாயில்ல. ஒன்னும் அவசரம் இல்ல புள்ள."

அத்தை போய்விட்டார். அவர் கொஞ்சம் கோபப்பட்டிருந்தால்கூட ஜெயந்தினிக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா திட்டவில்லை. அம்மா கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குத் துணியில் கணினிப் பெட்டியைச் சுற்றி, மழையில் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். கடைத்தெருவில் றம்ஸான் நானா கணினியும் திருத்துவார், படமும் பிரிண்ட் போட்டுச் சட்டம் அடித்துக் கொடுப்பார்.

நானா ஒரு மணி நேரம் என்னென்னவோ செய்து பார்த்தார். பழைய கணக்கு வினாத்தாள் ஒன்று மீண்டு வந்தது. மாமாவின் படமும் வந்தது. ஆனால் நெற்றி மட்டும்தான் இருந்தது. அதற்குக் கீழே எல்லாம் சாம்பல் கோடுகள்.

"கஷ்டம் மகள்," என்றார் நானா. "பழசு இருந்த இடத்து மேலேயே புதுசு உக்காந்துட்டுது. வேற யார்ட போன்லயாவது அவர்ட படம் இல்லையா?"

ஜெயந்தினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதை அவள் யோசிக்கவே இல்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் கணினியின் வயர்களை மாட்டக்கூட இல்லை. குடையை எடுத்துக்கொண்டு மேல் லயம், கீழ் லயம் எல்லாம் ஏறி இறங்கினாள்.

"கந்தப்பன் மாமா படம் ஏதாவது இருக்குங்களா?"

"இல்லாம என்ன?" என்று எல்லாரும் போனை நீட்டினார்கள். பார்த்தவுடன் ஜெயந்தினிக்கு முகம் தொங்கிப்போனது. எல்லாப் போனிலும் ரதிதான் இருந்தாள்.

மாசி மாதம் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். மன்மதனாகவும் ரதியாகவும் ஆண்கள்தான் வேஷம் கட்டி ஆடுவார்கள். பன்னிரண்டு வருஷமாக ரதி வேஷம் கந்தப்பன் மாமாவுக்குத்தான். மன்மதன் எரிந்து சாம்பலானதும் ரதி ஓவென்று அழுவாள். லயத்துப் பெண்கள் எல்லாரும் கூடவே அழுவார்கள். கொழுந்துச் சாக்குத் தூக்குகிற மாமாவை யாரும் படம் பிடிக்கவில்லை. ரதியைத்தான் பிடித்தார்கள். கன்னத்தில் ரோஸ் பவுடர், நீளச் சடை, மூக்குத்தி. அதில் மாமாவைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

கடைசியாக, மன்மதன் வேஷம் கட்டும் சிவசாமி அண்ணன் வீட்டில் கதவைத் தட்டினாள். அவர் போனை வெகுநேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"இந்தா, இது ஆகுமா பாரு. வேஷம் கட்டி முடிக்கிறதுக்கு முன்னாடி எடுத்தது."

மாமா சேலை கட்டியிருந்தார். ஆனால் பவுடர் இல்லை, சடை இல்லை. மீசையைக்கூட இன்னும் எடுக்கவில்லை. கையில் பிளேன்டீக் கோப்பையோடு, யாரோ சொன்ன எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆகும்ங்க அண்ணே!" என்றாள் ஜெயந்தினி. அதை அப்பாவின் போனுக்கு அனுப்பச் சொன்னாள்.

அப்பா கணினியின் வயர்களை மாட்டிக் கொடுத்தார். அவள் அந்தப் படத்தைத் திறந்து, கழுத்துக்குக் கீழே சேலை துளியும் தெரியாதபடி கவனமாக வெட்டினாள். மீசையும் சிரிப்புமாக முகம் மட்டும் மிஞ்சியது. நல்ல படம்தான். ஆனால் அது வெள்ளைச் சட்டைப் படம் இல்லை. அத்தையிடம் உண்மையைச் சொல்லாமல் இதைக் காட்ட முடியாது.

சனிக்கிழமை காலையில் அத்தை வீட்டு வாசலில் நின்று, ஒரே மூச்சில் சொன்னாள்.

"அத்தை, கம்பியூட்டர் பழுது இல்ல. நான்தான் மாமா படத்தை அழிச்சுட்டேன். தெரியாமத்தான். ஆனா அன்னைக்குப் பொய் சொன்னது தெரிஞ்சேதான்."

அத்தை அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார். ஊதுவதை நிறுத்திவிட்டு, அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார். அடுப்பு அணைந்து வீடெல்லாம் புகை சூழ்ந்தது. ஜெயந்தினிக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது. ஓடவில்லை.

"அதையாவது வச்சிருந்தேன்," என்றார் அத்தை. அவர் கண்ணில் நீர் நிறைந்தது. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே பாப்பா."

"திட்டுவீங்கன்னு பயம் இல்ல அத்தை. அழுவீங்கன்னுதான்."

ஜெயந்தினி, வெட்டிய படத்தை ஏற்றியிருந்த அப்பாவின் போனை மெதுவாக நீட்டினாள். அத்தை புகையை விலக்கிக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இந்தச் சிரிப்பு... இது எங்க கிடைச்சிச்சு?"

"சிவசாமி அண்ணன்கிட்ட. கூத்து அன்னைக்கு எடுத்தது. மாமா சேலையில இருந்தாங்க. திதிக்கு வர்றவங்க சிரிப்பாங்கன்னு கீழே வெட்டிட்டேன்."

"வெட்டாதது இருக்கா?"

இருந்தது. காட்டினாள். அத்தை விரலால் படத்தைத் தொட்டார். மாமாவின் முகத்தை அல்ல, சேலையை.

"இது என் கூறைச் சேலை பாப்பா. ரதிக்குக் கல்யாணச் சேலைதான் வேணும்னு வருஷா வருஷம் பெட்டியில இருந்து எடுத்துக்கிட்டுப் போவாரு. கரை அழுக்காகுதுன்னு நான் சண்டை போடுவேன். எங்க கல்யாணத்துக்குப் படம் புடிக்க ஆளு இல்ல. அப்புறமும் ரெண்டு பேரும் சேந்து நின்னு ஒரு படம் எடுத்ததே இல்ல."

ஜெயந்தினி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். புகைக்காகவும் கொஞ்சம் அழுதார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு அத்தை முகம் கழுவி, குடையை எடுத்தார்.

றம்ஸான் நானா கடையில் கூட்டம் இல்லை. ஜெயந்தினி போனை நீட்டியதும் நானா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மீசையைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"முகத்தை மட்டும் போடுவோமா?"

"வேணாம் நானா," என்றார் பேச்சியம்மா அத்தை. "ரெண்டு பேரும் படத்துல விழுற மாதிரி முழுசாவே போடுங்க."